மாத்தட்டுமா என்று நீ கேட்டாய்

கண்ணு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எல்லோரும் என்று சொல்ல இந்த வீட்டில் இப்போது நானும் மூன்று மாடுகளும்தான் இருக்கிறோம். மாடுகள் நலம். செவலை சினையாக இருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் உன் அப்பா பேச்சை எடுத்தால் "செரிம்மா, வெச்சர்றேன், மீட்டிங் இருக்குது" என்று ஓடிவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்கூட உனக்கு மீட்டிங் இருக்கிறது. கடிதத்தைக் கட் பண்ண முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்பாவின் வருஷத் தெவசத்துக்கு நீ வரவில்லை. நீ உட்கார வேண்டிய இடத்தில் உன் பெரியப்பா மகன் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டான். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று வந்தவர்களிடம் சொன்னேன். "அப்பன் தெவசத்துக்கு லீவு குடுக்காத கம்பெனி எந்த ஊர்ல இருக்குது அம்முணி?" என்று உன் பெரியப்பா கேட்டார். சோறு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

உனக்கு லீவு கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் குரலை அழித்த கையால் அவருக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இதை நீ சொல்லவில்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்தான் சொன்னாள். தெவசம் முடிந்த மறுநாள் போன் செய்தாள். நான் தமிழில் பேசினேன், அவள் தனக்குத் தெரிந்த தமிழை மலையாளத்தோடு சேர்த்துப் பேசினாள். "அம்மே, ஆள் சரிக்கு உறங்கறதில்லா. ஞாயிறாழ்ச்ச ஆனா அந்த ஹார்ட் டிஸ்க் காரியம் மட்டும்தான். கல்யாணக் காரியம் சொன்னா, அது கிட்டட்டே, பின்னே நோக்காம்னு சொல்லுது" என்றாள். அது கிடைத்த பிறகு கல்யாணமாம். கிடைக்காவிட்டால்? சமாதானமாக நாலு வார்த்தை சொல்லி போனை வைத்துவிட்டு, கட்டுத்தறியில் போய் நின்று அழுதேன். உன் அப்பா செத்தபோது அழுததைவிட அதிகமாக அழுதேன் என்றால் நம்புவாயா? அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நீ உயிரோடு இருந்துகொண்டே எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாய்.

நடந்தது உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் முதலிலிருந்து என் வாயால் சொல்கிறேன். நீ அதை உனக்குள்ளேயே திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏதோ கொலை செய்தவன் கதை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறாய்.

தொண்டையில் வந்திருப்பது புற்றுநோய், குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும் பஸ்ஸில் உன் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோதுதான் வாயைத் திறந்தார். "பேச்சுப் போயிருச்சுன்னா மாட்டை எப்படிப் புள்ளே கூப்படறது?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "என்னையக் கூப்படறதப் பத்திக் கவலை இல்லீங்களா?" என்றேன். "நீ நான் பாத்தாலே வந்திருவே. மாடு வருமா?" என்றார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆபரேஷனுக்கு முன்னால் சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு அவர் கட்டுத்தறியில் பேசிப் பேசிப் பதிந்ததெல்லாம் உனக்குத் தெரியும். மாடுகளைக் கூப்பிடுவது, கறக்கும்போது கொஞ்சுவது, உதைத்தால் திட்டுவது என்று ஒன்று விடவில்லை. நடுவில் என்னைக் கூப்பிட்டதும் இருந்தது, நீ சாப்பிட்டாயா என்று உன்னைக் கேட்டதும் இருந்தது. போனில் இடம் போதவில்லை என்று, நீ காலேஜில் படித்தபோது வாங்கிய அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினார். அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் அல்லவா? நாய்க்கு நாய் என்றே பெயர் வைத்த மனிதர் அவர். அந்த ஃபோல்டருக்கு மாடு என்று பெயர் வைத்தார். அது கம்ப்யூட்டருக்குப் போனதும், என்ன பெயரில் போனது என்பதும் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

அப்பா போய், காரியமெல்லாம் முடிந்து, நீ கொச்சிக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலையில், கம்ப்யூட்டர் ஊர்கிறது, ஃபார்மட் பண்ணிப் புதிதாக ஏற்றித் தருகிறேன், அப்போதுதான் நீங்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்று உட்கார்ந்தாய். பக்கத்தில், காப்பி எடுத்து வைக்க நீ புதிதாக வாங்கி வந்த சின்னப் பெட்டி இருந்தது. போட்டோக்களை எல்லாம் அதில் போட்டுவிட்டதாகச் சொன்னாய். நான் கறந்துகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாய்.

"அம்மா, இதுல மாடுன்னு ஒரு ஃபோல்டர் கெடக்குது. மாத்தட்டுமா?"

"மாத்து கண்ணு. எல்லாத்தையும் மாத்தீரு."

நான் எதை நினைத்துச் சொன்னேன்? ஒரு முளையில் கட்டிய மாட்டை அவிழ்த்து இன்னொரு முளையில் மாத்திக் கட்டுவோமே, அதை நினைத்துச் சொன்னேன். இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு. மாட்டை மாத்திக் கட்டு என்றால் சந்தையில் விட்டுவிட்டு வா என்றா அர்த்தம்? நீ எதை நினைத்துக் கேட்டாய்? ஒன்றாம் வகுப்பிலிருந்து மலையாளப் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு மலையாளக் காலேஜ், மலையாள ஊரில் வேலை. எச்சில் தட்டு மேஜையில் கிடந்தால் "இதெ மாத்தும்மா" என்பாய். உனக்கு மாத்துவது என்றால் அப்புறப்படுத்துவது. அப்பா எப்போதோ இன்ஷூரன்ஸுக்கு எடுத்த மாட்டுப் போட்டோக்கள் என்று நினைத்தாய். அம்மாவே மாத்தச் சொல்லிவிட்டாள் என்று அழித்தாய். ஒரே வீடு, ஒரே வார்த்தை, நடுவில் ஒரு ஜன்னல். உன்னை மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான்தான். உன் அப்பாவுக்கு அதில் மனமில்லை. இந்த ஊரில் பிழைக்க அந்த எழுத்து வேண்டும் என்று சண்டை போட்டுச் சேர்த்தேன். அதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை. நீ பிழைத்துக்கொண்டாய்.

அன்று சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு நின்றபோதுதான் கேட்டாய், "அம்மா, அப்பா பேசுனதெல்லாம் எந்தப் போன்ல இருக்குது? எனக்கும் அனுப்பி உடுங்க" என்று. "போன்ல ஏது சாமி? அதான் காலைல நீ மாத்துனியே, மாடுன்னு இருந்துச்சே, அதுதான்" என்றேன். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பையை மெதுவாகக் கீழே வைத்தாய். அப்படிக் கீழே வைத்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நான் உன்னைத் திட்டவில்லை. நீயும் அழவில்லை. ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கே கத்திக் கூப்பாடு போட்டு ஒருவரை ஒருவர் நாலு வார்த்தை பேசியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அதன் பிறகு நீ அந்த டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டாய். இனிமேல் இதில் ஒன்றும் எழுதக் கூடாது, எழுத எழுத உள்ளே மிச்சம் இருப்பதும் போய்விடும் என்றாய். கொச்சியில் ஒரு கடை, கோயம்புத்தூரில் இரண்டு கடை என்று அலைந்தாய். ஒரு கடைக்காரர் பெயர் இல்லாத துண்டுகளாகக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார். அதில் ஒன்றில்தான் சத்தம் இருந்தது. போனில் எனக்குப் போட்டுக் காட்டினாய். "கேக்குதுங்களாம்மா?" என்றாய். கேட்டது. செவலை கத்தும் சத்தம். அதோடு நின்றுவிட்டது. "இதுக்கு அடுத்துதாம்மா அப்பா பேசுவாரு. அடுத்த துண்டு மட்டும் கெடைச்சாப் போதும்" என்றாய். உன் குரலில் அப்போது இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்குப் பயமாக இருந்தது.

பொங்கலுக்கு ஒரே ஒரு நாள் வந்தபோது அந்த டிஸ்கை அப்பாவின் தோள்துண்டில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டு, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாய். இப்போது பெங்களூரில் ஒருவர் இருக்கிறார், அவர் டிஸ்கைப் பிரித்தே எடுப்பாராம், கூரியரில் அனுப்புங்கள் என்று விலாசம் அனுப்பியிருக்கிறாய். பெங்களூர்க்காரராலும் முடியாவிட்டால் இன்னொரு ஊர்க்காரர் இருப்பார். ஊருக்கா பஞ்சம்?

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஒளித்து வைத்ததாக நினைக்காதே. நீ கேட்கவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் ஓட்டையும் அதன்மேல் வெள்ளைத் துணியுமாக அவர் வீட்டுக்கு வந்த வாரம். நீ லீவு முடிந்து போய்விட்டாய். ஒரு நாள் காலையில் அவரே கம்ப்யூட்டரிலிருந்து வயர் இழுத்து, கட்டுத்தறித் தூணில் ஸ்பீக்கரை மாட்டினார். தவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்று, போடு என்று எனக்குக் கைகாட்டினார். போட்டேன். "ஏய் செவலை, வா சாமி, வா வா, இங்கத்த வா" என்று அவர் குரல் வந்தது. மாடுகள் காதை நிமிர்த்திக்கொண்டு திரும்பின. ஸ்பீக்கர் பக்கம் திரும்பின, கண்ணு. அவர் கையை நக்காமல் தண்ணீர்கூடக் குடிக்காத செவலை, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தத் தூணை மோந்துகொண்டு நின்றது. அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கழுத்தில் காற்று மட்டும் வந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, நிறுத்து என்று கையை வீசினார். அவர் என்னிடம் அப்படிக் கையை வீசியது அது ஒரு தடவைதான்.

அன்றைக்கே என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். அந்த மாடு ஃபோல்டரைத் தொட்டு அழிக்கும் பட்டனை அழுத்தினார். அழிக்கவா வேண்டாமா என்று அது இங்கிலீஷில் கேட்டுக்கொண்டு நின்றது. என் முகத்தைப் பார்த்தார். "கண்ணுக்கு வேணுமுங்க. இருக்கட்டும்" என்றேன். பிறகு வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு நாள்கூட அதைக் கேட்கவில்லை. வாளி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார், மாடுகள் ஓடி வரும். என்னைவிட அவை சீக்கிரம் பழகிக்கொண்டன. ஆக, அந்தக் குரலை வைத்திருந்தது அவர் இல்லை. நான். அதுவும் உனக்காக வைத்திருந்தேன். உனக்காக வைத்தது உன்னையே தின்னும் என்றால் அதை நான் எதற்கு வைத்திருக்க வேண்டும்?

நேற்று அந்த டிஸ்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கூரியர் ஆபீஸுக்குப் போகவில்லை. கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்து, இதை முழுக்க ஃபார்மட் பண்ணிக் கொடு என்றேன். அவள் எடுத்தவுடனே செய்துவிடவில்லை. இதில் வேண்டியது ஏதாவது இருக்கிறதா, இருந்தால் வேறு இடத்தில் காப்பி எடுத்தாயிற்றா, எடுத்ததைத் திறந்து பார்த்தாயிற்றா என்று கேட்டாள். தவறி வேறொன்று அழிந்துவிடக் கூடாது என்று தன் கம்ப்யூட்டரில் இருந்த மற்ற டிஸ்குகளை எல்லாம் கழற்றி வைத்தாள். வேகமாகச் செய்கிற ஃபார்மட் வீட்டு வாசலில் உள்ள நம்பரை மட்டும்தான் அழிக்கும், உள்ளே சாமான் அப்படியே இருக்கும் என்றாள். முழுதாகச் செய்கிற ஃபார்மட் சுவர் முதல் தரை வரை எல்லாவற்றின் மேலும் எழுதிவிடும் என்றாள். நீ செய்தது முதல் வகை, அதன் மேல் புதிதாக ஏற்றியதில்தான் பாதி போயிருக்கிறது. இதெல்லாம் உனக்கு அத்துப்படி. ஆபீஸில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறாய். உன் வீட்டு ஜன்னலில்தான் கேட்காமல் விட்டாய்.

கடைசியாக அந்தப் பெண், "எல்லாம் மாத்தட்டே சேச்சி?" என்றாள். "மாத்தறதுன்னா? வேற எடத்துல வெக்கறதா, அழிக்கறதா?" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அழிக்கறது. பின்னே ஆரு விசாரிச்சாலும் திரிச்சுக் கிட்டில்லா. சேச்சி ஆலோசிச்சோ?" என்றாள். இனி யார் நினைத்தாலும் திரும்பக் கிடைக்காதாம். ஆலோசித்துவிட்டேன் என்றேன். வீட்டுக்குப் போய்விட்டு சாயங்காலம் வரச் சொன்னாள். நான் போகவில்லை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தப் பச்சைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கூப்பிட்டதும் அதில்தானே இருந்தது? நடுவில் ஒரு தடவை, நிறுத்தச் சொல்லிவிடலாமா என்று எழுந்துகூட விட்டேன். அவள் என்ன வேண்டும் என்று கேட்டாள். தண்ணீர் வேண்டும் என்றேன்.

நாளைக்கு உன் வீட்டிலும் இரண்டு பாஷை இருக்கும் கண்ணு. அவள் ஒன்று சொல்வாள், நீ ஒன்று கேட்பாய். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி ஒரே அர்த்தம் என்று நினைத்துக்கொள்வீர்கள். திரும்பி வராத எதையும் செய்வதற்கு முன்னால், எழுந்து அவள் இருக்கிற இடத்துக்குப் போய், முகத்தைப் பார்த்துக் கேள். நீ சொல்வது இதுதானே என்று கேட்பதில் ஒரு கேவலமும் இல்லை. அப்படியும் தவறு நடந்துவிட்டால், நடந்தது தவறு, கொலை இல்லை என்று அவளையும் உன்னையும் விட்டுவிடு. அவளை ரொம்ப நாள் காக்க வைக்காதே. நல்ல பெண். என் பேச்சு புரியாவிட்டாலும் போனை வைக்காமல் கேட்கிறாள்.

இதைப் படித்துவிட்டு நீ எழுந்து நின்றிருப்பாய். அம்மா யாரைக் கேட்டு இதைச் செய்தாள் என்று கேட்பாய். நான் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டாய். நீ அழித்ததில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை அழித்தது நான், தெரிந்தே அழித்தேன். இனிமேல் உன் அப்பாவின் குரல் யாரால் போயிற்று என்று நினைக்கும்போது என் முகம்தான் உனக்கு முன்னால் வர வேண்டும். ஒரு வருஷமாக உன்மேலேயே கோபமாக இருந்தாய். அந்தக் கோபத்தை இப்படி என் பக்கம் கொடு. வெட்கத்தில் வீட்டுக்கு வராத நீ கோபத்தில் வருவாய், உன்னைப் பெற்றவள் எனக்கு அது தெரியாதா? பஸ் ஏறி வா. வாசலில் நின்றே கேள், உள்ளே வரும் வரைக்கும் பொறுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்குமே என்று பார்க்காதே. வாயில் வந்ததை எல்லாம் சொல்லி, அடித்தொண்டையிலிருந்து கத்தித் திட்டு. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன், நின்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வீட்டில் ஒரு ஆள் சத்தமாகப் பேசி மூன்று வருஷம் ஆகிறது, கண்ணு.

அம்மா